பேண்ட் சா மெஷினுக்கு நானே செய்த ஸ்டாண்டு

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டம் முடிந்ததும் கிளப் ஹாலில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர் சி பிளாக்வாசி. கோவையில் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.)



கூட்டம் முடிந்து காபி வருவதற்குள் பேசி முடிக்கச் சொல்லியிருக்கிறார் செயலாளர். முயற்சி செய்கிறேன்.

பம்ப் ரூமுக்குப் பக்கத்து அறையில் நான் ஒரு மெஷின் வைத்திருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். கையில் பிடித்து இரும்பு அறுக்கும் பேண்ட் சா மெஷின் அது. அதை ஒரு ஸ்டாண்டில் நிற்க வைத்திருக்கிறேன். போன மாதம் அதைப் பார்த்துவிட்டு மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள், "சார், இதே மாதிரி நாங்களும் செஞ்சுக்கலாமுங்களா?" என்று. செய்துகொள்ளலாம். ஆனால் அவர்கள் பார்த்தது நான் செய்த இரண்டாவது ஸ்டாண்டு. முதலாவது ஸ்டாண்டில் நடந்ததைச் சொல்லாமல் அளவுகளை மட்டும் கொடுத்தால் அது சரியாக இருக்காது. அதனால்தான் இன்றைக்குப் பேச ஒப்புக்கொண்டேன்.

எதற்காக இந்த மெஷின்?

கதை மொட்டைமாடியில் ஆரம்பிக்கிறது. துணி காயப்போடும் கம்பிக்குத் தூண் நடுவதற்காக நான்கு இஞ்ச் கிரைண்டரில் ஸ்கொயர் பைப் அறுத்துக்கொண்டிருந்தேன். பொறி தெறித்துப் பக்கத்தில் தக்காளிச் செடிகளுக்கு மேலே கட்டியிருந்த பச்சை நிழல்வலையில் விழுந்தது. வலையில் நான்கைந்து ஓட்டைகள். செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வீட்டம்மா என்னைத் திட்டவும் இல்லை. "அண்ணா, நல்லவேளை கொடியில துணி இல்ல" என்று மட்டும் சொன்னார். அது திட்டியதைவிட அதிகமாகவே உறைத்தது.

சத்தம் பற்றியும் புகார் வந்தது. புகார் நியாயமானதுதான். 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் சுற்றுப்புற ஒலி பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும்தான் இருக்க வேண்டும். இரவு என்றால் 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை. கிரைண்டரைப் பிடித்திருப்பவர் காதில் விழும் சத்தம் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். நான் விதியைப் படித்துவிட்டு வேலை செய்யவில்லை. புகார் வந்த பிறகுதான் விதியைப் படித்தேன்.

கிரைண்டருக்கும் பேண்ட் சா மெஷினுக்கும் என்ன வித்தியாசம் என்பதை ஒரு சின்னக் கணக்கில் சொல்லிவிடுகிறேன். 100 மி.மீ. கட்டிங் வீல் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு வினாடிக்கு ஏறக்குறைய 57 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் அது இரும்பைத் தேய்த்து எரிக்கிறது. அதனால்தான் பொறியும் சத்தமும். பேண்ட் சா பிளேடு வினாடிக்கு ஒன்று முதல் ஒன்றே முக்கால் மீட்டர்தான் ஓடுகிறது. காலையில் வாக்கிங் போகிறவர் நடக்கிற வேகம்! அது தேய்ப்பதில்லை, பல்லால் அறுக்கிறது. பொறி இல்லை, இரும்பு பழுப்பதில்லை, பிசிரும் குறைவு. பக்கத்தில் நின்று சற்றுக் குரலை உயர்த்திப் பேசினால் கேட்கும்.

இந்த வேகத்தைச் சொன்னதும் சிலருக்கு ஒரு தைரியம் வரும், இது சாதுவான மெஷின் என்று. அங்கேதான் தப்பு. இரும்பையே அறுக்கும் பல்லுக்கு விரல் ஒரு பொருட்டே இல்லை.

பிளேடு பற்றி இரண்டு வார்த்தை

இந்த மெஷினில் இரண்டு சக்கரங்கள். அவற்றைச் சுற்றி முனையில்லாத ஒரு வளையமாகப் பிளேடு ஓடும். என் மெஷினுக்குப் பிளேடு 1140 மி.மீ. நீளம், 13 மி.மீ. அகலம், அரை மி.மீ. கனம். மெஷின் எடை சுமார் 6 கிலோ.

வளைய ரம்பம் என்ற யோசனை 19-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்திலேயே இங்கிலாந்தில் வந்துவிட்டது. ஆனால் பிளேடின் இரண்டு முனைகளையும் சேர்த்த இடம் அறுந்துகொண்டே இருந்ததால் நெடுநாள் உபயோகத்துக்கு வரவில்லை. பிரான்சில் ஆன் போலின் கிரேப்பன் என்பவர் 1846-இல் அந்த ஜாயிண்டைப் பற்றவைக்க ஒரு வழி கண்டுபிடித்த பிறகுதான் பட்டறைகளுக்கு வந்தது. இன்றைக்கும் பிளேடு அறுந்தால் பெரும்பாலும் அந்த ஜாயிண்டில்தான் அறுகிறது. புதுப் பிளேடு வாங்கினால் முதலில் ஜாயிண்டைத்தான் பாருங்கள். அங்கே மேடு இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக் டக்' என்று தட்டும்.

பல் கணக்கும் முக்கியம். அறுக்கும் பொருளின் கனத்துக்குள் எப்போதும் மூன்று பல்லாவது இருக்க வேண்டும். இஞ்சுக்கு 14 பல் உள்ள பிளேடில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் 1.8 மி.மீ. இடைவெளி. 6 மி.மீ. பட்டைக்கு அது போதும். 3 மி.மீ. பைப் சுவருக்கு அதையே போட்டால் ஒன்றிரண்டு பல்தான் உள்ளே இருக்கும். பல் சுவரில் மாட்டி உடையும். அதற்கு இஞ்சுக்கு 24 பல் பிளேடு. நமக்கு ஒன்றே போதும் என்றால் 18 பல் வாங்கிக்கொள்ளுங்கள். நம் வீட்டு வேலைகளில் பாதிக்கு மேல் அதில் முடிந்துவிடும்.

முதல் ஸ்டாண்டு

நீளமான பைப்பை வைஸில் கட்டி, மெஷினைக் கையில் பிடித்து அறுத்தால் வேலை அருமையாக நடக்கும். சிக்கல் சின்னத் துண்டுகளில்தான். கிளாம்ப் செய்ய 40 மி.மீ. பட்டையில் விரல் நீளத்துக்குத் துண்டு வேண்டும் என்றால், அதை வைஸில் பிடிக்கவும் இடமில்லை, 6 கிலோ மெஷினை ஆடாமல் தூக்கிப் பிடிக்கவும் இந்த வயதில் தெம்பில்லை. மெஷின் நிற்க வேண்டும், துண்டு நகர வேண்டும். அதற்குத்தான் ஸ்டாண்டு.

வீட்டில் கிடந்த 12 மி.மீ. பிளைவுட்டில் ஒரே நாளில் ஒன்று செய்தேன். மெஷினைச் செங்குத்தாக நிற்க வைத்து, பிளைவுட்டிலேயே ஒரு மேசை. கையில் பிடிக்கும் மெஷினில் விரல் டிரிகரை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் ஓடும். என் இரண்டு கையும் துண்டைப் பிடிக்க வேண்டுமே? வயர் கட்டும் பிளாஸ்டிக் டை ஒன்றைப் போட்டு டிரிகரை இறுக்கிக் கட்டிவிட்டேன். ஆன் செய்யவும் ஆஃப் செய்யவும் சுவரில் இருக்கிற சுவிட்ச்.

டூல் ரூமில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். பயிற்சிக்கு வரும் பையன்களிடம் நான் முதல் நாளே சொல்வது, "சுவிட்சை ஏமாத்தாதே" என்பதுதான். வீட்டுக்கு வந்ததும் நானே ஏமாற்றினேன்.

ஒரு சனிக்கிழமை. நமக்கு வழக்கமாக வரும் பிளம்பர் தம்பி பைப் கிளாம்ப்புக்காகப் பட்டைத் துண்டு அறுக்க வந்திருந்தார். பாதி அறுக்கும்போது கரண்ட் போய்விட்டது. பிளேடு துண்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. "கரண்ட் வரட்டும்" என்று நான் திரும்பி எதையோ தேடிக்கொண்டிருந்தேன். தம்பி, மெஷின் நின்றுவிட்டதே என்று, துண்டை விடுவிக்க இரண்டு கையையும் பிளேடுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார். அப்போது அவருடைய போன் அடித்தது. கையை எடுத்துச் சட்டைப் பையில் விட்டார்.

நம் ஜெனரேட்டர் பத்துப் பதினைந்து நொடியில் எடுத்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். பம்ப் ரூம் பக்கத்து லைனும் ஜெனரேட்டரில்தான் இருக்கிறது. டிரிகர் கட்டிக் கிடக்கிறது, சுவர் சுவிட்ச் ஆனிலேயே இருக்கிறது. மெஷின் தானாக ஓட ஆரம்பித்தது. துண்டு மேசையை விட்டுத் தூக்கி அடித்துச் சுவரில் பட்டது.

தம்பி போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். "சார், இது தானாவே ஸ்டார்ட் ஆகுமுங்களா?" என்று கேட்டார். கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்தப் போன் யாருடையது என்று நான் கேட்கவில்லை. யாராக இருந்தாலும் அவருக்கு நான் கடன்பட்டவன். தம்பிக்கு இரண்டு கையும்தான் பிழைப்பு. அன்றே அந்த ஸ்டாண்டைப் பிரித்துப் போட்டேன்.

கை செய்துகொண்டிருந்த மூன்று வேலை

பிரித்துப் போட்ட பிறகு உட்கார்ந்து யோசித்தேன். மெஷினில் குறை ஒன்றுமில்லை. கையில் பிடிக்கும் மெஷினாக அதைச் செய்தவர்கள், கையை நம்பித்தான் செய்திருக்கிறார்கள். நம் கை மூன்று வேலை செய்கிறது. ஒன்று, மெஷினின் எடையைத் தாங்கி ஆடாமல் பிடிக்கிறது. இரண்டு, ஏதாவது தவறு என்றால் டிரிகரை விட்டுவிடுகிறது, மெஷின் நிற்கிறது. மூன்று, இரண்டு கையும் கைப்பிடியில் இருப்பதாலேயே விரல் பிளேடுக்குப் பக்கத்தில் போவதில்லை.

ஸ்டாண்டில் மாட்டிய நிமிடமே இந்த மூன்றும் போய்விடுகின்றன. என் முதல் ஸ்டாண்டு முதல் வேலையை மட்டும், அதையும் சுமாராகச் செய்தது. மற்ற இரண்டையும் நான் யோசிக்கவே இல்லை. இரண்டாவது ஸ்டாண்டை இந்த வரிசையில்தான் கட்டினேன். நீங்கள் செய்தாலும் இப்படியே செய்யுங்கள்.

முதல் வேலை: ஆடாமல் பிடிப்பது

அடிப்பலகை 600-க்கு 450 மி.மீ. 18 மி.மீ. பிளைவுட் இரண்டு துண்டை ஒட்டி, திருகும் போட்டுக் கனமாக்கினேன். கீழே நான்கு மூலையிலும் ரப்பர். வேலை மேசையோடு இரண்டு போல்ட். மோட்டார் பக்கம்தான் எடை அதிகம் என்பதால், தூண் அந்தப் பக்கத்துக்கு நேர் கீழே வருகிறது. 40-க்கு 40 ஸ்கொயர் பைப் இரண்டு.

மெஷின் உடம்பில் எங்கேயும் டிரில் போடாதீர்கள். அந்தப் பிளாஸ்டிக் உறை வெறும் அழகுக்கு இல்லை, மின்சாரத்திலிருந்து நம்மைக் காக்கிற இரண்டாவது சுவர் அது. மெஷின் முன்னால், அறுக்கும் பொருள் முட்டி நிற்பதற்கு ஒரு தடுப்புத் தகடு இருக்கும். அதைக் கழற்றினால் இரண்டு திருகு ஓட்டை கிடைக்கும். நம் மேசையை அதே ஓட்டைகளில் மாட்ட வேண்டும். பின்பக்கம் கைப்பிடியை ஒரு 'யு' வடிவத் தாங்கியில் உட்கார வைத்து, சைக்கிள் டியூப் ரப்பர் கொடுத்து, பட்டை போட்டு இறுக்கினேன். இரண்டு கைத்திருகைக் கழற்றினால் மெஷின் தனியாக வந்துவிடும். நீளப் பைப் வேலைக்குக் கையில் எடுத்துக்கொள்ளலாம்.

மேசையைத் தடுப்புத் தகட்டின் இடத்தில்தான் மாட்ட வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பிளேடு எப்போதும் அந்தத் தகட்டை நோக்கித்தான் பொருளை இழுக்கும். மெஷின் நிற்கும்போது அந்த இழுப்பு கீழ்நோக்கி, மேசையின் மேல் வரும். துண்டு மேசையில் அழுந்தி உட்காரும். மாற்றி மாட்டினால் துண்டைத் தூக்கி எறியும். மாட்டி முடித்ததும், பிளக் போடுவதற்கு முன்பு, பல் கீழே பார்க்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மேசைக்கு 6 மி.மீ. இரும்புத் தகடு, 300-க்கு 250. மூன்றரை கிலோ வரும். உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கினேன். பிளைவுட் மேசை வேண்டாம். கொஞ்ச நாளில் பிளேடு போகும் பள்ளம் அகன்று, சின்னத் துண்டுகள் உள்ளே விழுந்து சிக்கும். பிளேடு போகும் பிளவு 3 மி.மீ. அகலம் இருந்தால் போதும். அது ஒரு விளிம்பு வரை திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளேடு மாற்ற முடியாது. அந்தப் பிளவை இதே மெஷினைக் கையில் பிடித்துத்தான் அறுத்தேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடு அறுத்து, நடுவில் இருப்பதை அரத்தால் ராவிச் சரி செய்தேன். திருகுத் தலை மேசைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஓட்டையின் வாயைச் சரிவாக அகலப்படுத்தி உள்ளே அமுக்கிவிடுங்கள்.

கடைசியில் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். பிளேடு மேசைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், முன்பக்கமிருந்து பார்த்தாலும் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும். எனக்கு ஒரு பக்கம் சாய்வு இருந்தது. குளிர்பானத் தகர டின்னை வெட்டி இரண்டு மடிப்பு வைத்ததும் சரியாகிவிட்டது.

இரண்டாவது வேலை: விட்டால் நிற்பது

இன்றைய பேச்சில் ஒன்றே ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் கிணற்று மோட்டாருக்குப் பச்சை பட்டன், சிவப்பு பட்டன் உள்ள ஸ்டார்ட்டர் பார்த்திருப்பீர்கள். கரண்ட் போனால் உள்ளே காந்தம் விட்டுவிடும், 'டக்' என்று விழும். கரண்ட் திரும்பி வந்தாலும் மோட்டார் ஓடாது. யாராவது போய்ப் பச்சையை அழுத்த வேண்டும். ராத்திரியில் எழுந்துபோகச் சலித்துக்கொண்டு, தானாக ஓடும்படி ஆட்டோ சுவிட்ச் போட்டவர்களும் உண்டு. கிணற்றுக்கு அது வசதி. பிளேடுக்கு அது ஆபத்து. முதல் ஸ்டாண்டில் நான் செய்து வைத்திருந்தது அந்த ஆட்டோ சுவிட்ச்தான்.

ஸ்டார்ட்டரைப் போலவே வேலை செய்யும் சின்ன சுவிட்ச் தனியாகக் கிடைக்கிறது. நோ-வோல்ட் ரிலீஸ் சுவிட்ச் என்று கேளுங்கள். மரவேலை மெஷின்களில் இருப்பது. மெஷினின் ஆம்பியருக்குத் தகுந்ததாக வாங்கி, ஒரு பெட்டியில் வைத்து, வயரிங் தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டினேன். எனக்கே தெரியும் என்றாலும் அவரை வைத்துத்தான் மாட்டினேன். சுவரிலிருந்து கரண்ட் இந்தப் பெட்டிக்கு வரும், பெட்டியிலிருந்து மெஷினுக்குப் போகும். வேறு வழி கிடையாது. சிவப்பு பட்டன் என் தொடை உயரத்தில், மேசைக்கு முன்னால் இருக்கிறது. இரண்டு கையும் வேலையாக இருந்தாலும் முட்டியால் தட்டி நிறுத்திவிடலாம். இந்த லைன் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாகத்தான் வருகிறது.

டிரிகரை என்ன செய்வது? என் மெஷினில் டிரிகரைப் பூட்டும் பட்டன் கம்பெனியே கொடுத்திருக்கிறது. அதைப் பூட்டுகிறேன். பிளாஸ்டிக் டை கிடையாது. மெஷினை ஸ்டாண்டிலிருந்து எடுக்கும்போது பூட்டை எடுத்தாயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் வேறு இடத்தில் பிளக் போடுவேன்.

மாட்டி முடித்ததும் ஒரு சோதனை செய்தேன். துண்டு எதுவும் வைக்காமல் மெஷினை ஓடவிட்டு, மெயினை ஆஃப் செய்து, பதினைந்து எண்ணி, ஆன் செய்தேன். ஓடவில்லை. பிளம்பர் தம்பியை வரவழைத்து அவர் முன்னால் இன்னொரு முறை செய்து காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு, "இப்ப சரிங்க சார்" என்றார்.

மூன்றாவது வேலை: விரலைத் தள்ளி வைப்பது

பட்டறையில் இருக்கும் பெரிய பேண்ட் சா மெஷினில் மேலே உள்ள தாங்கியைத் துண்டுக்கு மேல் வரை இறக்கிக்கொள்ளலாம். இந்தச் சின்ன மெஷினில் அது முடியாது. 5 மி.மீ. பட்டை அறுத்தாலும் அதற்கு மேலே நாலு விரற்கடைக்கு மேல் பிளேடு திறந்து கிடக்கும். அதற்கு 25 மி.மீ. அலுமினிய ஆங்கிளில் ஒரு மறைப்பு செய்தேன். நீளவாட்டில் ஒரு காடி, ஒரு பட்டாம்பூச்சி நட்டு. துண்டுக்கு மேல் ஒரு பென்சில் கனம் இடைவெளி விட்டு இறக்கி இறுக்கிவிட வேண்டும்.

சக்கரங்கள் இருக்கும் பக்கத்தையும் பாருங்கள். கையில் பிடிக்கும்போது அது நம்மைவிட்டுத் தள்ளி இருக்கும். ஸ்டாண்டில் அது பக்கவாட்டில் திறந்து நிற்கிறது. அதற்குப் பாலிகார்பனேட் ஷீட்டில் ஒரு மூடி. பிளேடு அறுந்தாலும் அதற்குள்ளேயே சுருண்டு கிடக்கும்.

பிளேடுக்கு நான்கு விரற்கடை வந்ததும் கையால் தள்ளுவதை நிறுத்திவிட வேண்டும். மிச்சத்தை மரக்கட்டையால் தள்ளுங்கள். கட்டையில் பல் பட்டால் பரவாயில்லை, கட்டை மலிவு. பைப், ராடு மாதிரி உருண்டையானதைச் சும்மா மேசையில் வைத்துக் கையால் பிடித்து அறுக்கவே கூடாது. பிளேடு அதைச் சட்டென்று உருட்டி, விரலையும் சேர்த்து இழுக்கும். 'வி' வடிவக் கட்டையில் வைத்துக் கிளாம்ப் போட்ட பிறகுதான்.

மெஷின் ஓடும்போது கையுறை வேண்டாம், பல்லில் மாட்டினால் கையோடு போகும். பிளேடு மாற்றும்போது கையுறை போடுங்கள், பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். கண்ணாடி எப்போதும். தொளதொள சட்டைக் கை, துப்பட்டா, கைச்சங்கிலி எதுவும் வேண்டாம். நான் லுங்கியில் போனால் என் வீட்டம்மாவே திருப்பி அனுப்பிவிடுகிறார்.

செலவு

மெஷினைத் தவிர்த்து ஸ்டாண்டுக்கு எனக்கு 2,300 ரூபாய் ஆனது. அதில் கிட்டத்தட்ட பாதி அந்த சுவிட்சுக்கும், பெட்டிக்கும், எலக்ட்ரீஷியன் கூலிக்கும். முதல் ஸ்டாண்டுக்கு 200 ரூபாய்கூட ஆகவில்லை. வித்தியாசம் எங்கே என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்கப்பட்ட கேள்விகள்

இதில் மரம் அறுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். இந்தப் பல் இரும்புக்கானது, மிகச் சின்னது. மரத்தூள் பல்லிடுக்கில் அடைத்துக்கொண்டு, அறுக்காமல் தேய்த்துக் கருக்கும். மரத்துக்கு வேறு ரம்பம் இருக்கிறது.

எஸ்.எஸ். பைப் அறுக்கலாமா? அறுக்கலாம், வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டுத் தேய்க்காமல் ஒரே சீராக அழுத்தி. அழுத்தாமல் தடவினால் எஸ்.எஸ். அந்த இடத்தில் இறுகிப்போய் பல்லைத் தின்றுவிடும். அலுமினியம் என்றால் வேகத்தைக் கூட்டலாம்.

பேட்டரி மெஷின் என்றால் ஜெனரேட்டர் பிரச்சினை இல்லையே என்று கேட்டார்கள். உண்மைதான். ஆனால் நான் சொன்ன பச்சை-சிவப்பு சுவிட்சையும் அதில் போட முடியாது. டிரிகரைக் கட்டிவிட்டால் நிறுத்த ஒரே வழி, ஓடும் மெஷினுக்குள் கையை விட்டுப் பேட்டரியைக் கழற்றுவது. அதை நான் செய்ய மாட்டேன். சில கம்பெனிகள் தங்கள் மெஷினுக்கென்றே ஸ்டாண்டு விற்கின்றன. அதை வாங்குவது நல்லது. எந்த மெஷினானாலும் அதன் கையேட்டில் ஸ்டாண்டில் மாட்டக் கூடாது என்று எழுதியிருந்தால், மாட்டாதீர்கள்.

ஃபிளாட்டுக்குள்ளேயே பால்கனியில் வைத்துக்கொள்ளலாமா? சத்தம் குறைவு என்றேனே தவிர, சத்தமே இல்லை என்று சொல்லவில்லை. மெஷினின் அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக்குப் போகும். இரும்புத்தூள் காற்றில் இறங்கி அடுத்த வீட்டுத் துணியில் துருக்கறையாக மாறும். குழந்தைகளும் இருப்பார்கள். வேண்டாம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

அடுத்த கூட்டத்தில், வளாகத்துக்குள் மின்கருவி எதையுமே குடியிருப்போர் உபயோகிக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் வரப்போகிறது. அது வருவதற்கு முதல் காரணமே மாடியில் நான் ஓட்டிய கிரைண்டர்தான். அதனால் எதிர்த்துப் பேசும் தகுதி எனக்குக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். ஒட்டுமொத்தமாகத் தடுத்தால் வேலை நின்றுவிடாது. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் செய்வார்கள். அல்லது பிளம்பரிடம் கொடுத்து, அவர் கிரைண்டரை மாடிப்படியில் வைத்து அறுப்பார். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நடந்தால் சரியா தப்பா என்று சொல்லவாவது ஒரு ஆள் இருப்பார்.

என் மாற்று யோசனை இவ்வளவுதான். கிரைண்டரில் இரும்பு அறுப்பதை மொட்டைமாடியில் முழுவதும் நிறுத்திவிடலாம். பம்ப் ரூம் பக்கத்து அறையை அறுக்கும் வேலைக்கு ஒதுக்கலாம். சனி, ஞாயிறு காலை 10 மணியிலிருந்து 12 மணி வரை மட்டும், சாவி செக்யூரிட்டியிடம், பெயர் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நிலையாக மாட்டிய எந்த மெஷினுக்கும் கரண்ட் போய்த் திரும்பினால் தானாக ஓடாத சுவிட்ச் கட்டாயம். தனியாக யாரும் ஓட்டக் கூடாது, அறையில் இரண்டு பேர் இருக்க வேண்டும். நான் உட்பட. அந்தச் சனிக்கிழமை அறையில் இரண்டு பேர் இருந்தோம், ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த ஒருவர் நான். ஆகவே, இரண்டாவது ஆள் வேடிக்கை பார்க்க வேண்டும், வேறு வேலை பார்க்கக் கூடாது என்றும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்டாண்டின் அளவுகளைப் படமாக வரைந்து சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். பழைய ஸ்டாண்டின் பிளைவுட் மேசையையும், கட்டியிருந்த பிளாஸ்டிக் டையையும் எறியவில்லை, அந்த அறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். செய்துகொள்ள விரும்பும் மூன்று பேரும் வரும் ஞாயிறு வாருங்கள். முதலில் அதைப் பாருங்கள், பிறகு தகடு அறுக்கலாம்.

தக்காளிச் செடிக்குப் புது வலை வாங்கிக் கட்டிக் கொடுத்துவிட்டேன் என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

காபி வந்துவிட்டது.